ஆத்தாளுக்கு நேர்ந்த முடி

சந்திரமதியின் முடியை அடுப்பில் போட்டு எரித்தது நான்தான். மலாயாவில் கூலாய் என்ற ஊரில் எங்கள் மிஷன் நடத்திய பிள்ளைகள் இல்லத்தில் அதுதான் சட்டம். ரப்பர் எஸ்டேட்டின் கூலி லயத்திலிருந்து எந்தப் பிள்ளை வந்தாலும் முதலில் மொட்டை, அடுத்து மண்ணெண்ணெய், அப்புறம்தான் கஞ்சி. திருநெல்வேலிப் பக்கத்து நாசரேத்திலிருந்து கப்பலேறி வந்த பதினோரு வருஷத்தில் ஊழியம் என்று நான் செய்ததில் பாதி, தலை வழிப்பதும் சிரங்கு கழுவுவதும்தான். ராத்திரி வேதத்தைத் திறந்தால் வசனத்துக்கு முன்னால் கொட்டாவி வந்துவிடும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் அப்பா வீரமுத்து லாயாங் லாயாங் எஸ்டேட்டிலிருந்து ரயிலில் வந்தார். பால்மரம் வெட்டுகிறவர், ரப்பர்ப் பால் இறக்குகிற கூலி. அந்த வருஷக் காய்ச்சலில் மனைவியும் கைக்குழந்தையும் போய்விட, விடியுமுன் வேலைக்குப் போனால் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று ஆறு வயது மகளை எங்களிடம் விட்டிருந்தார். அவள் தலையைப் பார்த்தவர் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“ஆத்தாளுக்கு நேந்த முடிங்கம்மா. பொறந்ததுலேருந்து கத்தி பட்டதில்ல.”

“ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே?”

“சொல்லணுமாங்க? பாத்தாலே தெரியாதா?”

தெரிந்திருக்க வேண்டும். மூன்று தலைமுறையாக வேதக்காரர்கள் என்றாலும், மாரியம்மன் கொடை நடக்கும் தெருவுக்கு அடுத்த தெருவில் வளர்ந்தவள் நான். அன்றைக்கு நான் பேனைத்தான் பார்த்தேன். சடையைப் பார்க்கவில்லை.

பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று எழுந்தார். எனக்கு ஆத்திரம் வந்தது. பயம் என்று சொல்வதுதான் சரி. “கூட்டிட்டுப் போயி இதையும் புதைக்கப் போறீங்களா?” என்று கேட்டுவிட்டேன். அவர் தலைத்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அதைப் பார்த்த பிறகு ஒரு பைபிள் டீச்சர் கொடுக்கக்கூடாத வாக்கைக் கொடுத்தேன்.

“முடி வளரட்டும். சித்திரைத் திருவிழா வரைக்கும் கத்தி படாம நான் பாத்துக்கிறேன். நீங்க வந்து கூட்டிட்டுப் போயி முடியக் குடுத்துட்டு, பிள்ளைய திரும்ப இங்கயே விடணும்.”

இல்லத்துக்குப் பொறுப்பான வெள்ளைக்கார மிஸ்ஸியம்மாவுக்குக் காரணம் தெரிந்தால் அடுத்த கப்பலில் என்னை ஊருக்கு அனுப்பிவிடுவார். ஊரில் எனக்கென்று யார் இருக்கிறார்கள்? பிள்ளைக்குத் தலையில் புண், கத்தி வைக்க முடியாது என்று பொய் சொன்னேன். மத்தியானம் மற்றப் பிள்ளைகள் தூங்கும்போது சந்திரமதியை முன்னால் உட்காரவைத்து, பேன்சீப்பால் ஒரு மணி நேரம் வாருவேன். இடுப்பு விட்டுப்போகும். வேதக்காரி மாரியம்மாளுக்கு முடி வளர்க்கிறாள் என்று தெரிந்தால் ஊரே சிரிப்பாய்ச் சிரித்திருக்கும்.

பங்குனிக் கடைசியில் கங்காணியின் கடிதம் வந்தது. வீரமுத்து காய்ச்சலில் இறந்துவிட்டார், அடக்கமும் ஆயிற்று. படித்ததும் முதலில் எனக்கு வந்தது நிம்மதி. வெட்கத்தோடுதான் சொல்கிறேன். இனி அந்த வாக்கைக் கேட்க யாருமில்லை. அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது.

சித்திரை பிறந்ததும் இல்லம் முழுக்கப் பேன். மிஸ்ஸியம்மா தன் தமிழில், “அன்னப்பாக்கியம், திங்கட்கிழமை எல்லாருக்கும் மொட்டை. இனி புண் கதை வேண்டாம்” என்றார். எஸ்டேட் திருவிழா அதற்கு முந்தின சனிக்கிழமை.

மிஸ்ஸியம்மா அப்படிச் சொன்ன அன்றே மத்தியானம் சீப்பை எடுத்தபோது சந்திரமதி திரும்பிப் பார்த்தாள். “டீச்சரம்மா, அப்பாதான் இல்லையே. ஆத்தாளுக்கு யாரு குடுப்பாங்க?”

“பேசாம உக்காரு” என்றேன்.

மிஸ்ஸியம்மாவிடம் சொன்னால் விடமாட்டார். சொல்லாமல் போனால் திரும்பச் சேர்க்கமாட்டார், என்னையாவது. பிள்ளையைச் சேர்த்துக்கொள்வார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சனிக்கிழமை காலை ரயிலில் அவளை மடியில் வைத்துக்கொண்டு போனேன். வழியெல்லாம் ஜெபிக்கப் பார்த்தேன். யாரிடம் என்ன கேட்பது என்று தெரியவில்லை.

ரப்பர் மரங்களுக்கு நடுவே தகரக் கொட்டகைக் கோயில். மேளம் காதைப் பிளந்தது. நாவிதர் ஐயாசாமி கத்தியைத் தீட்டிக்கொண்டே கேட்டார், “யாரு மடியிலங்க உக்கார வைக்கிறது? தாய்மாமன் இருக்காரா?”

“அவளுக்கு யாருமில்ல.”

கூட்டம் என் வெள்ளைச் சேலையைப் பார்த்தது. கூட்டத்தில் எங்கள் மிஷனைச் சேர்ந்த எஸ்டேட் சபையார் நாலைந்து பேரும் நின்றார்கள். போன மாதம் என்னோடு கைதட்டிப் பாடிய அங்கம்மா, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள்.

ஈரத் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தேன். சந்திரமதி தானாக வந்து என் மடியில் ஏறினாள். ஐயாசாமி அவள் தலையில் தண்ணீர் தெளித்தார். முதல் கற்றை என் சேலையில் விழுந்தது. நான் அதைத் தட்டிவிடவில்லை.