மஞ்சளைப் பச்சை என்றவர்கள்

"பச்சை" என்றார் ரயில் டிரைவர். "பச்சை" என்று திருப்பிச் சொன்னாள் உதவி டிரைவர். சிக்னலில் எரிந்ததோ மஞ்சள். ஒருவர் சொல்ல, மற்றவர் தன் கண்ணால் பார்த்துத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது விதி. பார்க்காமலே சொல்லுமளவுக்கு இருவர் வாயும் பழகிவிட்டிருந்தது. தாண்டிய பிறகுதான் உறைத்தது. அவர் அலறியடித்து பிரேக் போட, வண்டி ஒரு சின்ன ஸ்டேஷனுக்குள் தேய்ந்துகொண்டே போய், அடுத்த சிவப்பு சிக்னலுக்கு ரொம்பப் பக்கத்தில் நின்றது.

முந்தின நாள் மாலை ஏறியவர்கள். சட்டப்படி விடிவதற்குள் இறங்கியிருக்க வேண்டும். இப்போது உச்சி வெயில். மாற்று ஆள் அடுத்த ஸ்டேஷனில் ஏறுவார், அதற்கடுத்த ஸ்டேஷனில் ஏறுவார் என்று கன்ட்ரோல் அதிகாரி போக்குக் காட்டிக்கொண்டே இருந்தார்.

"இதுக்கு மேல நான் ஓட்டல. நீ வாயத் தொறக்காதம்மா, உனக்கு இன்னும் வேலை நிரந்தரமாகல" என்றபடி டிரைவர் இறங்கினார்.

ஸ்டேஷன் மாஸ்டர் அறையில் கன்ட்ரோல் அதிகாரி போனில் அவளைத்தான் கூப்பிட்டார். எத்தனை மணி நேரத்துக்கு மேல் வண்டி ஓட்டக்கூடாது என்ற விதியை அந்த அறைச் சுவரிலேயே பளபளவென்று துடைத்து மாட்டியிருந்தார்கள். பார்க்கப் பார்க்க அவளுக்கு வயிறு எரிந்தது.

"அவர் அடம் பிடிக்கிறார். ரெண்டு பேரும் தெளிவாத்தான் இருக்கோம்னு நீ ஒரு வார்த்தை சொல்லும்மா. உன்ன நிரந்தரமாக்குற ஆர்டர் என் மேஜையிலதான் இருக்கு."

இந்த வேலை கிடைத்தபோது தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்த அம்மாவை நினைத்துக்கொண்டாள்.

"தெளிவா இல்ல சார். கண்ணத் தொறந்துக்கிட்டே மஞ்சளைப் பச்சைன்னு சொன்னேன். அவர் மட்டுமில்ல, நானும்."

"தெரிஞ்சுதான் பேசறியா? வேலை போயிடும்."

"போகட்டும் சார். மாத்து ஆள அனுப்புங்க."

"லூசு" என்றார் டிரைவர், வாசலில் நின்றபடி. "சும்மா இருன்னு சொன்னேன்ல?"

"நீங்க மட்டும் சும்மா இருந்தீங்களாண்ணே?"

பிளாட்பாரத்தில் பயணிகள் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் எகிறினார்: "சம்பளம் வாங்கறீங்கல்ல? ஓட்டறதுக்கு என்ன கேடு?"

"உங்கள வீடு கொண்டுபோய்ச் சேர்க்கத்தான் சார் நிறுத்தியிருக்கோம்" என்றாள் அவள்.

அவர் வழிவிடவில்லை. அவரைச் சுற்றிக்கொண்டு போய், நிறுத்திய வண்டி உருளாமலிருக்க முட்டுக்கொடுக்கும் மரக்கட்டைகளை எஞ்சினிலிருந்து எடுத்தாள். தண்டவாளத்தில் குனிந்து, சக்கரத்தின் முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றும் செருகினாள். பிறகு நிமிர்ந்து, எல்லோரும் பார்க்க, காலால் ஓங்கி ஓங்கி உதைத்து அவற்றை இறுக்கினாள்.