சாகாத நொதி

ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் அவளைப் 'பிடிவாதம்' என்றுதான் கூப்பிட்டார்கள், முகத்துக்கு நேராகவே. அவளும் கூசாமல் திரும்பிப் பார்ப்பாள்.

அவள் மாரடித்தது ஒரு புரதத்தோடு. வளரும் நரம்பின் நுனியில் உட்கார்ந்துகொண்டு, "இந்தப் பக்கம் வராதே, திரும்பு" என்று வெளியிலிருந்து வரும் சேதியை உள்ளே சொல்லும் புரதம் அது. அதன் உள்பகுதியின் அமினோ அமில வரிசை, வேதிவினையை முடுக்கிவிடும் நொதிகளுடையதைப் போலவே இருக்கும். சோதனைக் குழாயில் போட்டாலோ, ஒரு வேலையும் செய்யாது. செத்த நொதி என்று துறைத்தலைவர் எப்போதோ எழுதிவிட்டார். மற்றவர்களும் அதோடு கைகழுவிவிட்டார்கள்.

"விட்டுத் தொலையேம்மா. வேற நல்ல புரதமா தர்றேன்," என்றார் அவர்.

"படிகம் மட்டும் வரட்டும் சார். வடிவத்தப் பாத்துட்டு விட்டுடறேன்."

புரதம் படிகமாக உறைந்தால்தான் எக்ஸ்ரேயில் அதன் வடிவம் தெரியும். அந்தப் படிகமோ வருஷக்கணக்கில் போக்குக் காட்டியது. கடைசியில் ஒரு காலை, குளிரறைத் தட்டில் ஒரு துளிக்குள் ஊசிமுனையளவு மினுக்கம். எக்ஸ்ரே செலுத்தி, வடிவத்தைத் திரையில் ஏற்றினாள். நொதி வேலை செய்கிற குழி துளியும் சிதையாமல் இருந்தது. அதைவிட, புரதங்கள் ஜோடி ஜோடியாகத் தோளோடு தோள் ஒட்டி நின்றன. இத்தனை நாளும் ஒற்றையாகப் போட்டல்லவா சோதித்தோம் என்று அவளுக்குச் சுரீரென்று உறைத்தது.

இரண்டிரண்டாகப் பிணைத்துச் சோதித்தாள். நொதியின் வேலையைக் காட்டும் வரைபடக் கோடு விறுவிறுவென்று ஏறியது. நம்பாமல் மறுபடியும் செய்தாள், ஏறியது. குழியில் ஒரே ஒரு அமினோ அமிலத்தை மாற்றியதும் கோடு படுத்துவிட்டது. நரம்பு செல்களிலும் அதே கதைதான்: நல்ல புரதம் இருந்த நுனி சேதி பட்டதும் சுருங்கித் திரும்பியது, மாற்றிய புரதம் இருந்த நுனி அதுபாட்டுக்கு நேரே போனது.

துறைத்தலைவர் எல்லாவற்றையும் ஒருமுறைக்கு இருமுறை புரட்டிப் பார்த்தார்.

"மாநாட்டுல நீயே பேசும்மா. நான் எழுதினது தப்புன்னும் சேத்துச் சொல்லு."

சொன்னாள். முதல் வரிசையில், பேருந்து ஓட்டுநரான அவளுடைய அக்கா சீருடையோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். மூன்று பேர் கிடுக்கிப்பிடியாகக் கேள்வி கேட்டார்கள். மூன்றுக்கும் அசராமல் பதில் வந்தது. முதலில் எழுந்து கைதட்டியவர் துறைத்தலைவர்.

வெளியே வந்ததும் அக்கா சொன்னாள்: "பாதி புரியலடி. ஆனா கேள்வி கேட்டவங்க கப்புசிப்புன்னு உக்காந்தாங்களே, அது நல்லாப் புரிஞ்சுது."

அன்று மாலை அக்காவின் பேருந்தில் ஏறிய ஒருவரும் தப்பவில்லை. முன் இருக்கையில் தங்கை கூச்சத்தில் நெளிய, ஒவ்வொரு நிறுத்தத்திலும் அக்கா திரும்பிச் சொன்னாள்: "இவ என் தங்கச்சி. நரம்பு எப்படித் திரும்புதுன்னு கண்டுபிடிச்சவ."