அணிலுக்கு நாலரை எம்.எம்.

எங்கள் துணி குடோனுக்குள் அணில் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட்டை வழியாகத்தான் வந்தது. அந்த ஓட்டைக்குக் கம்பி வலை அடிக்கச் சொல்லி நான் ஆடி மாதத்திலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தேன். "காத்து வரட்டும் உடு அம்மிணி" என்று முதலாளி செங்கோட்டையன் சொல்லிவிட்டார். காற்று வந்தது, அதன் பின்னாலேயே அணிலும் வந்தது.

நான் வினிதா. அவருடைய பனியன் கம்பெனியில் குவாலிட்டி மேனேஜர். என் கையெழுத்து இல்லாமல் ஒரு பெட்டியும் லாரி ஏறாது. அதனால் கம்பெனியில் எனக்கு மரியாதை அதிகம், கூட உட்கார்ந்து டீ குடிக்க மட்டும் ஆள் கிடையாது.

வந்த அணிலுக்கு ஏகப்பட்ட ருசி. பாலியஸ்டர் கலந்த ரோல்களை அது முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. நேராகப் போய் ஆர்கானிக் காட்டன் ரோலைக் கடித்துப் பஞ்சாக்கிக்கொண்டு போனது. சர்டிஃபிகேட் கேட்காமலே ஆர்கானிக்கைக் கண்டுபிடித்த ஒரே ஜீவன் திருப்பூரில் அதுவாகத்தான் இருக்கும்.

ஆனால் அந்தத் துணி ஜெர்மனிக்குப் போக வேண்டிய கைக்குழந்தை ரோம்பர்களுக்கானது. ஒரு வருடமாகப் பாதி மெஷின்கள் உறை போட்டுத் தூங்கிய கம்பெனிக்கு வந்த ஒரே நல்ல ஆர்டர். வெள்ளிக்கிழமை ஜெர்மன் பையரின் இன்ஸ்பெக்டர் வருகிறார். துணியில் குறை கண்டால் ஆர்டர் கைமாறிவிடும், தையல் லைன் இரண்டையும் மூட வேண்டியதுதான். முதலாளிக்கு அந்த வாரம் முழுக்கச் சோறு இறங்கவில்லை.

அவருக்கு ஒரு வழக்கமும் இருந்தது. குழந்தைத் துணி ஆர்டர் எது வந்தாலும் முதலில் முடிந்த பீஸ் அவர் பேத்தி தேஜஸ்ரீக்குத்தான் போகும். ஆறு மாதக் குழந்தை. அதைப் போட்டுவிட்டு ஒரு போட்டோ எடுத்து வாட்ஸப் ஸ்டேட்டஸில் வைத்தால்தான் ஆர்டர் ராசியாக முடியும் என்பது அவர் நம்பிக்கை.

அணில் விஷயத்துக்கு மீட்டிங் போட்டார்கள். "துப்பாக்கி ஒண்ணு வாங்கிருவோம்" என்றார் முதலாளி.

"அணிலைச் சுட்டா கேஸ் ஆயிருமுங்க" என்றேன். "ஒரு வலை அடிச்சாப் போதுமுங்க."

"அம்மிணி, நீ துணியப் பாரு. அணில நாங்க பாத்துக்கறோம்."

அவர் மகன் நித்தீஷ் லண்டனில் எம்.பி.ஏ. படித்தவன். எதையும் ஸ்லைடு போட்டால்தான் அவனுக்குப் பேச வரும். ராத்திரி முழுக்க அமெரிக்க வேட்டைக்காரர்களின் வீடியோ பார்த்துவிட்டு வந்திருந்தான்.

"டாடி, அமெரிக்காவுல அணிலுக்குன்னே தனி கேலிபர், அதாவது குண்டு சைஸ், இருக்குது. இருபத்திரெண்டு ரிம்ஃபயர் தோட்டாதான் பெஸ்ட்டுங்கறாங்க. தலையில சுடோணும். ஒடம்புல பட்டா கறி வீணாயிரும்."

முதலாளி கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார். "கறிய ஆருடா திங்கறது?"

அந்த ஸ்லைடை நித்தீஷ் அவசரமாகத் தள்ளினான். லைசென்ஸ், போலீஸ் ஸ்டேஷன் என்று அடுத்த ஸ்லைடு வந்ததும் ரிம்ஃபயர் தானாகவே அடிபட்டுப் போனது. கடைசியில் காற்றுத் துப்பாக்கிதான் மிஞ்சியது. அதில் இரண்டு அளவு, நாலரை எம்.எம்., ஐந்தரை எம்.எம்.

"நாலரைதான் வேணும். அணிலாவே இருந்தாலும் தடிமனான குண்டாத்தான் போடோணும்" என்றார் முதலாளி.

"டாடி, அஞ்சரைதான் பெருசு."

"நாப்பது வருசமா நூல் வாங்கறன், எனக்கே கவுண்ட் சொல்லித் தர்றியா? இருவதாம் நம்பர் நூலு தடிமனா, நாப்பதாம் நம்பர் தடிமனா?"

"இருவதுதான்."

"அப்பொறம்? நம்பர் ஏற ஏறச் சன்னமாகும். நூலுக்கு ஒரு சட்டம், குண்டுக்கு ஒரு சட்டமா?"

மீட்டிங்கில் இருந்த அத்தனை பேரும் தலையாட்டினார்கள். சம்பளம் வாங்குகிறவர்கள் வேறு என்ன செய்வார்கள்? நாலரைக்கு லைசென்ஸ் வேண்டாம் என்று கடைக்காரர் போனில் சொன்னதும் முதலாளி முகத்தில் அப்படி ஒரு பெருமை. பெரிய குண்டை லைசென்ஸ் இல்லாமல் வாங்கிவிட்ட சந்தோஷம்.

அடுத்து குண்டின் முனை. தட்டை முனை, கூர் முனை, உருண்டை முனை, குழி முனை என்று நான்கு வகை. எங்கள் ஊரில் சாம்பிள் பார்க்காமல் ஒரு பட்டன்கூட வாங்க மாட்டார்கள். நான்கிலும் ஒவ்வொரு டப்பா வந்தது. வேஸ்ட் துணியைக் கொடியில் தொங்கவிட்டுச் சுட்டார்கள். ஓட்டை விழுந்த துண்டுகளை அட்டையில் ஒட்டி என் மேஜைக்கு அனுப்பி வைத்தார்கள், அப்ரூவலுக்கு. நான் கையெழுத்துப் போடவில்லை. முதலாளியே நான்குக்கும் 'ஓகே' எழுதி, "அசார்ட்டடா வெச்சுக்குவோம்" என்று எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் கொட்டிவிட்டார்.

புதன்கிழமை மத்தியானம் நான் சாயப்பட்டறைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது குடோன் வாசலில் தேங்காய் உடைத்திருந்தது. துப்பாக்கிக்குச் சந்தனம், குங்குமம். உள்ளே முதலாளி மூச்சு வாங்கிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். நித்தீஷ் கையில் துப்பாக்கி. அணில் மேலே இரும்புக் கம்பியில் உட்கார்ந்து வாலை ஆட்டிக்கொண்டிருந்தது.

"தப்பிச்சிருச்சு அம்மிணி. நெம்பச் சுறுசுறுப்பு" என்றார் முதலாளி.

நான் அணிலைப் பார்க்கவில்லை. ஆர்கானிக் ரோல்களைப் பார்த்தேன். அடுக்கியிருந்த ரோல்களில் அங்கங்கே சின்னச் சின்ன ஓட்டைகள். அணில் கடித்தால் மேல் சுற்றோடு போகும், வெட்டி எறிந்துவிடலாம். குண்டு அப்படியா? சுற்றுச் சுற்றாகத் துளைத்துக்கொண்டு உள்ளே போய் எங்கேயோ உட்கார்ந்திருந்தது. முதலாளி என்றும் பார்க்காமல் கத்திவிட்டேன்.

"எத்தனை குண்டு சுட்டீங்க?"

யாரும் எண்ணவில்லை.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. தைக்கும்போது ஊசி உடைந்தால் டெய்லர் கையைத் தூக்க வேண்டும். துண்டுகளைத் தேடியெடுத்துப் பொருத்தி, முழு ஊசி ஆனால்தான் புது ஊசி. ஒரு நுனி கிடைக்காவிட்டாலும் அங்கிருக்கும் துணி மொத்தமும் கழிவு. குழந்தைத் துணியில் இந்தச் சட்டத்தை மிகக் கறாராக நடத்தியவர் முதலாளிதான். டெய்லர்களைத் தரையில் தவழவிட்டுத் தேட வைப்பார்.

"ஊசிக்கு என்னங்க சட்டமோ, குண்டுக்கும் அதேதானுங்க" என்றேன். நூலுக்கும் குண்டுக்கும் ஒரே சட்டம் என்று சொன்னவர் அவர்தானே.

தவழ்ந்தார். அறுபது வயசு மனிதர், வெள்ளை வேட்டியோடு, டார்ச் அடித்துக்கொண்டு ரேக்குக்கு அடியில் போனார். வாசலில் டெய்லர் மயிலாள் நின்று பார்த்தாள். "ஊசி மொனை கெடைக்காம சோறு இல்லீன்னு எங்களச் சொல்லுவாருங்கல்லக்கா" என்று என் காதில் சொல்லிவிட்டுப் போனாள். சிரிக்கக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

சில குண்டுகள் கிடைத்தன. மீதி எத்தனை என்று யாருக்குத் தெரியும்? நித்தீஷுக்கு ஒரு யோசனை வந்தது. துணியை ஊசி கண்டுபிடிக்கும் மெஷினில் விட்டான். மெஷின் ஒரு சத்தமும் போடவில்லை.

"பாஸ் ஆயிருச்சு டாடி!"

"அது இரும்பை மட்டுந்தான் காட்டும்" என்றேன். "இது ஈயம். கொழந்தை வாயில வெச்சாலும் மெஷின் கத்தாது."

நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். முதலாளி வேட்டியைத் தட்டிவிட்டு எழுந்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"சரி கண்ணு. ஜெர்மனிக்கு வேண்டாம். வேற துணி ஓட்டிக்கலாம். இதையும் அதே பேட்டர்ன்ல தெச்சு காதர்பேட்டை லோக்கல் கடைகளுக்குத் தள்ளி உட்டர்லாம். அங்க ஆரு மெஷின் வெச்சுப் பாக்கறா?"

ஜெர்மன் குழந்தைக்கு ஆகாத ஈயம் நம் ஊர்க் குழந்தைக்கு ஆகும் என்று இத்தனை தணிவாக, இத்தனை அன்பாக ஒருவரால் சொல்ல முடிகிறது. அவர் கெட்டவர் இல்லை. மயிலாள் பையனுக்கு காலேஜ் ஃபீஸ் கட்டியவர். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"தெச்சர்லாமுங்க" என்றேன். "மொதல் பீஸ் வழக்கம்போலப் பாப்பாவுக்குத்தானுங்களே?"

நித்தீஷ் துப்பாக்கியை மெதுவாகச் சுவரில் சாய்த்து வைத்தான். மேலே அணில் மட்டும் கீச்சுக் கீச்சென்று கத்திக்கொண்டிருந்தது.

முதலாளி கட்டிங் டேபிளுக்குப் போய்ப் பெரிய கத்தரிக்கோலை எடுத்து வந்தார். முதல் ரோலைத் தரையில் தள்ளி, குறுக்கே வெட்டினார். கத்தரிக்கோலை வாங்க வந்த ஆளிடமும் கொடுக்கவில்லை. யாரும் எடுத்துத் தைக்க முடியாதபடி ரோல் ரோலாக வெட்டினார். வெட்ட வெட்ட அவர் கண் கலங்கியதைப் பார்த்தேன். நல்ல துணி, நானே தேடிப் பிடித்த நூல்.

பையருக்கு உண்மையை எழுதினேன். "Squirrel" என்ற வார்த்தையை அவர்கள் மூன்று மெயிலில் திரும்பத் திரும்பக் கேட்டு உறுதி செய்துகொண்டார்கள். இன்ஸ்பெக்ஷன் இரண்டு வாரம் தள்ளிப்போனது. பின்னல் மெஷினில் புதுத் துணி ஓட்டினோம். கப்பலில் போக வேண்டிய சரக்கு விமானத்தில் போயிற்று, முதலாளியின் லாபமும் அதிலேயே ஏறிப் பறந்தது. ஆர்டர் மட்டும் நின்றது. தையல் லைன் மூடவில்லை.

நடுவில் ஒரு நாள் முதலாளி என்னிடம் வந்து, "அந்த வலை, எந்த சைஸ் அம்மிணி வேணும்?" என்றார்.

"டாடி, வலையில நெறைய கேஜ் இருக்குது" என்று நித்தீஷ் லேப்டாப்பைத் திறந்தான். அவர் பார்த்த பார்வையில் மூடிவிட்டான். ஹார்டுவேர் கடையில் இருந்த வலையை மயிலாளின் வீட்டுக்காரர் வாங்கி வந்து ஒரு மணி நேரத்தில் அடித்துவிட்டுப் போனார். அணில் பின்னால் இருக்கும் வேப்ப மரத்துக்குக் குடிபோய்விட்டது.

புதுத் துணியில் முதல் பீஸ் முடிந்ததும் நானே கொண்டுபோய் முதலாளி மேஜையில் வைத்தேன். இளமஞ்சள் ரோம்பர், நெஞ்சில் ஒரு வாத்து. எப்போதும் வாங்கிய கையோடு பைக்குள் போட்டுக்கொள்கிறவர், அன்று அதை விரித்து வைத்துக்கொண்டு, தையல் ஓரம் முழுவதையும் கட்டைவிரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தார். கழுத்து, அக்குள், கால் மடிப்பு. ஒன்றும் தட்டுப்படவில்லை. ஆனாலும் என்னிடமே நீட்டினார்.

"இன்னொருக்காப் பாத்துரு கண்ணு" என்றார்.

பார்த்தேன். அவர் எதிரிலேயே ஒவ்வொரு தையலாகப் பார்த்தேன். "சுத்தமா இருக்குதுங்க" என்றேன். அவர் அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார். அந்த ஆர்டருக்கு மட்டும் அவர் ஸ்டேட்டஸில் போட்டோ வரவே இல்லை. "போட்டோ எடுக்கப் போனாக் காதர்பேட்டைதான் ஞாபகம் வருது கண்ணு" என்றார் ஒரு நாள்.