எனக்கு முன்னால் போகிறவர்

போதகர் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துக்குள் வந்தபோது நான் ஈர விரிப்புகளை உதறிக்கொண்டிருந்தேன். பளபளக்கும் ஷூவோடு நேராகச் சோப்புத் தண்ணீரில் கால் வைத்துவிட்டார் மனிதர்.

"அம்மா, உங்க வீட்டுக்காரர் மேல வார்டுல இருக்கார். ஈரல் போயிடுச்சு. இன்னைக்கோ நாளைக்கோன்னு சொல்லிட்டாங்க. காலையில ஞானஸ்நானம் கேட்டு வாங்கிக்கிட்டார்."

அப்படி ஒருவர் இருப்பதே மறந்துபோயிற்று என்று சொல்ல ஆசைதான். எங்கே மறந்தேன்! குடித்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போய், எங்கள் பிள்ளையைப் பைக்கில் முன்னால் உட்காரவைத்துக் கூட்டிவந்து, நின்றுகொண்டிருந்த லாரியில் மோதிய ஆள். பிள்ளை அங்கேயே போய்விட்டான். இந்த ஆளுக்கு முழங்கையில் ஒரு சிராய்ப்பு. ஜெயிலுக்குப் போய் வந்தபிறகும் என் வாசல் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை. பிள்ளை போன அன்று காலை அவன் என் கையை விடாமல் அழுதான். தினமும் சொல்வதைத்தான் அன்றும் சொல்லிவிட்டு வேலைக்கு வந்தேன்: "அம்மா வேலை முடிஞ்சதும் வந்துடுவேன்."

"அப்போ எல்லாம் சரியாப் போச்சா ஐயா?" என்றேன்.

"ஆண்டவர் மன்னிச்சிட்டார்மா."

"என்னை ஒரு வார்த்தை கேக்காமலா? செத்தது என் பிள்ளை. ஆண்டவரோட பிள்ளை இல்ல."

"அவரோட பிள்ளையையும் கொன்னாங்கம்மா."

"அவருக்கு மூணாம் நாளே திரும்பக் கிடைச்சிடுச்சே. எனக்கு?"

போதகர் சோப்புத் தண்ணீரிலிருந்து காலை எடுத்தார். "எனக்குப் பதில் தெரியலம்மா," என்றார். அதற்காகவாவது அந்த மனிதரை எனக்குப் பிடிக்கும்.

மேலே போனேன். மன்னிக்க அல்ல, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க. கட்டிலில் எலும்பும் தோலுமாகக் கிடந்தார். முகமெல்லாம் தாடி, கண்ணெல்லாம் மஞ்சள்.

"நீ வருவேன்னு நினைக்கல," என்றார்.

"நல்லாயிருக்கு உன் கதை! குடிச்சதெல்லாம் குடிச்சிட்டு, கடைசியில தலையில தண்ணி ஊத்திக்கிட்டு நேரா சொர்க்கத்துக்கா?"

"எனக்குத் தகுதியே இல்லன்னுதான் ஐயாகிட்ட சொன்னேன். தகுதி பாத்துக் குடுக்கறது இல்லையாம்." அழ ஆரம்பித்தார். "ஆனா பயமா இருக்கு."

"நரகத்துக்கா?"

"பிள்ளைக்கு. அங்க இருப்பானே. என்னைப் பாத்ததும் மூக்கைப் பொத்திக்கிட்டு மூஞ்சியைத் திருப்பிக்குவானே."

முழங்கால் தேய ஜெபத்தில் நான் கேட்பதெல்லாம் பிள்ளையின் முகத்தை ஒருதரம் பார்க்க வேண்டும் என்பதுதான். இந்த ஆள் எனக்கு முன்னால் பார்க்கப்போகிறார். அதுவும் இனாமாக. திட்ட வாயைத் திறந்தேன்; ஆனால் அவர் சொன்னது உண்மை. குடித்துவிட்டு வந்து தூக்கினால், "அப்பா நாத்தம்" என்று பிள்ளை என் தோளில் முகம் புதைத்துக்கொள்வான். தாடி குத்தினால் வீறிட்டு அழுவான்.

வெந்நீர் கொண்டுவந்தேன். நர்ஸிடம் சவரக்கத்தி கேட்டு வாங்கினேன். கன்னத்தில் சோப்பு தடவி, ஒட்டிப்போன தோலை இழுத்துப்பிடித்து மெதுவாக வழித்தேன். பல் துலக்கி, வாய் கொப்பளிக்கவைத்தேன். சலவையிலிருந்து புதிதாக வந்த சட்டையைப் போட்டுவிட்டேன்.

"மன்னிச்சிட்டியா?" என்று கேட்டார்.

"இல்ல. பிள்ளை பயப்படக் கூடாது. அதுக்குத்தான்."

சரி என்று தலையாட்டினார். நான் குனிந்து அவர் வாயை முகர்ந்து பார்த்தேன். நாற்றம் இல்லை. அதற்குமேல் என்னால் அடக்க முடியவில்லை. அவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

"அவன் என்னைத் தேடுவான்," என்றேன். "அம்மா வேலை முடிஞ்சதும் வந்துடுவாங்கன்னு சொல்லுங்க."