நீலப் பொட்டு

மார்லா ஷ்ராக் சமையலறை மேசையில் உட்கார்ந்து, ஒரு குதிரைக் கதைப் புத்தகத்தின் முதுகில் இருந்த மஞ்சள் பொட்டின் மேல் நீலப் பொட்டை ஒட்டிக்கொண்டிருந்தாள். மஞ்சள் விளிம்பு துளிகூடத் தெரியக் கூடாது. கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் குரல் கேட்டது.

"அது மஞ்சள்."

வாசலில் மகள் எடி நின்றாள். பதினொரு வயது. அப்பா டுவைனின் பழைய கம்பைன் கேட்லாக்கைத் தலையணை உறைக்குள் போட்டு மார்போடு அணைத்திருந்தாள். அறுவடை இயந்திரத்தின் ஒவ்வொரு திருகுக்கும் படமும் எண்ணும் போட்ட தடிப் புத்தகம்.

"இன்னிக்கு இது நீலம்" என்றாள் மார்லா.

"யாரு மாத்துனா?"

"நான்தான்."

"உள்ள மாறிச்சா?"

"இல்லடி."

"அப்ப மஞ்சள்."

அதற்குள் வாசலில் கோனி கோரிங்கின் வேன் சரளைக்கல்லை அரைத்துக்கொண்டு வந்து நின்றது. கோனி எந்த வீட்டுக்கும் சொல்லிவிட்டு வந்ததாகச் சரித்திரம் இல்லை. மார்லா பொட்டுச் சுருளை மாவு டப்பாவில் போட்டாள். குதிரைப் புத்தகத்தைத் துண்டால் மூடினாள். எடியின் கையிலிருந்த உறையைப் பிடுங்கி, ரொட்டி சுடும் அடுப்பின் கதவைத் திறந்து உள்ளே தள்ளினாள்.

பொட்டு விவகாரம் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். சர்ச்சின் கீழ்த்தளத்தில் வாரம் இரண்டு நாள், பள்ளிக்கூடம் போகாமல் வீட்டிலேயே அம்மாவிடம் படிக்கும் பிள்ளைகள் கூடுகிறார்கள். பதினான்கு குடும்பம். புத்தகங்களின் முதுகில் வட்டப் பொட்டு ஒட்டுவது கோனியின் ஏற்பாடு. சிவப்பு தொடக்கம், மஞ்சள் அடுத்தது, நீலம் பெரிய பிள்ளைகளுக்கு. நீலம் படிக்கிறவர்கள் சன்னலோர நீள மேசையில் உட்காரலாம். மற்றவர்களுக்குக் குட்டிகள் அறை. பொட்டுச் சுருளையும் பட்டியலையும் கோனி வீட்டுக்கு வீடு கொடுத்துவிடுவாள், ஒட்டுவது அம்மாக்கள் பொறுப்பு. தேவனுக்கு முன்பாக நம்பிக்கைதானே.

எடி இரண்டு வருஷமாகக் குட்டிகள் அறையில் இருந்தாள். ஆறு வயதுப் பிள்ளைகளின் நாற்காலியில், முழங்கால் தாடையை இடிக்க.

"என்ன கண்ணு, முகமெல்லாம் வேர்த்திருக்கு" என்றபடி கோனி உள்ளே வந்தாள். கையில் ஒரு தட்டு பீராக், முட்டைக்கோஸும் இறைச்சியும் அடைத்த பன். "ஆறிப்போச்சு. கொஞ்சம் சூடு பண்ணிடுவோம்." மார்லா எழுவதற்குள் அடுப்புக் கதவைத் திறந்துவிட்டாள்.

கொஞ்ச நேரம் குனிந்தபடியே பார்த்தாள். தலையணை உறையை இரண்டு விரலால் வெளியே இழுத்தாள். கேட்லாக் பாதி எட்டிப் பார்த்தது.

"இன்னிக்கு என்ன சமையல், மார்லா?"

"கம்பைன் உதிரி பாகம்" என்றாள் எடி.

கோனிக்குச் சிரிப்பு வந்தது. மார்லாவுக்குக் காது மடல் சுட்டது. "டுவைனோடது. இவ சும்மா படம் பாப்பா" என்றாள்.

"நான் படிப்பேன்" என்றாள் எடி. "இருநூத்திப் பன்னெண்டாம் பக்கம்..."

"போ. போய்க் கை கழுவு."

"கை சுத்தமாத்தான் இருக்கு."

"போன்னு சொல்றேன்ல."

எடி உறையை வாங்கிக்கொண்டு போனாள். குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. சுத்தமான கையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

கோனி குரலைத் தாழ்த்தினாள். குரலைத் தாழ்த்தினால் நல்லது செய்யப் போகிறாள் என்று அர்த்தம். "சனிக்கிழமை எல்லாப் பிள்ளைங்களும் ஒரு பக்கம் வாசிக்கணும். இவ வாசிக்கலன்னா பரவாயில்ல, கண்ணு. யாரும் ஒண்ணும் நெனைக்க மாட்டாங்க. குட்டிங்க ரூம்ல இன்னும் ஒரு வருஷம் இருக்கட்டும். இவளுக்காகவே ஒரு பெரிய நாற்காலி போடச் சொல்லியிருக்கேன்."

"அவ நீலத்துக்கு வந்துட்டா" என்றாள் மார்லா. "சனிக்கிழமை பாருங்க."

கோனி துண்டால் மூடியிருந்த மேட்டைப் பார்த்தாள். அப்புறம் பீராக்கைப் பார்த்தாள். "சந்தோஷம்" என்றாள்.

வேன் போன பிறகு மார்லா பீராக்கைத் தொடவில்லை. பொய் சொன்னது பெரிதாக உறுத்தவில்லை. மகள் நிற்கும்போதே, மகளைப் பற்றிச் சொன்னதுதான் உறுத்தியது. சும்மா படம் பாப்பா.

எடிக்கு ஆட்டிசம் என்று விச்சிட்டா ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். பள்ளி மணி அடிக்கும்போதெல்லாம் அலமாரிக்குள் போய் உட்கார்ந்துகொண்டதால் மூன்றாம் வகுப்போடு வீட்டுக்குக் கூட்டி வந்தாயிற்று. அன்றிலிருந்து புத்தகம் தேர்ந்தெடுப்பதே மார்லாவின் பிழைப்பு. ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். முகங்களைப் பார்த்து மனசைப் புரிந்துகொள்ளும் படப் புத்தகம் வாங்கினாள், எடி அதில் இருந்த பற்களை எண்ணி முடித்தாள். செருப்புப் போட்ட கரடி வாங்கினாள். "இந்தக் கரடி பொய்" என்று மூடிவிட்டாள். வழவழப்பான தாள் விளக்கு வெளிச்சத்தில் பளபளத்தால் கண்ணைப் பொத்திக்கொள்வாள். ஒரு பக்கத்தில் எட்டுப் படம் இருந்தால் புத்தகமே தரையில் கிடக்கும். போன குளிர்காலத்தில் மட்டும் பதினொரு புத்தகம். குதிரைக் கதை ஒன்றுதான் தேறியது, அதில் குதிரை குதிரையாகவே இருந்ததால்.

ஆனால் எடி எழுத்துக் கூட்டக் கற்றது எதிலும் இல்லை. டுவைனின் பட்டறைத் தரையில் கவிழ்ந்து படுத்து, அழுக்கேறிய அந்தக் கேட்லாக்கில்தான் கற்றாள். மங்கலான தாள், பக்கத்துக்கு ஒரு படம், ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பெயர், பெயருக்கு ஒரு எண். அதில் யாரும் யாருக்காகவும் அழவில்லை. மார்லாவுக்கு இது தெரியும். மற்ற அம்மாக்களிடம் மட்டும் வேறு ஒரு பாடப்புத்தகத்தின் பெயரைச் சொல்லி வைத்திருந்தாள்.

சனிக்கிழமை கீழ்த்தளம் நிரம்பியிருந்தது. ஒவ்வொரு குடும்பமும் ஒரு மேசை போட்டு, படித்து முடித்த புத்தகங்களை அடுக்கியிருந்தது. வாசிப்பு முடிந்ததும் மாற்றிக்கொள்வார்கள். ஒரே புத்தகம் பத்து வருஷமாக வீடு வீடாகச் சுற்றிக்கொண்டிருக்கும். ஆண்கள் படிக்கட்டுப் பக்கம் காப்பிக் கோப்பையோடு, கோதுமை எப்போது வெட்டலாம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். இன்னும் மூன்று வாரம் என்றார்கள்.

கோனியின் மகன் வாசித்தான். ரூத்தன் வேட்லின் மகன் ஜோயல் வாசித்தான். வாசித்தான் என்று சொல்வது மரியாதைக்கு. அம்மா ரூத்தன் உதட்டை அசைத்தாள், அவன் அதைப் பார்த்துச் சொன்னான்.

"அடுத்தது எடி" என்றாள் கோனி. "நீலமாமே."

மார்லா குதிரைப் புத்தகத்தைக் கையில் கொடுத்தாள். எடி முன்னால் போனாள். திறக்கவில்லை. புத்தகத்தைத் திருப்பி, நகத்தால் நீலப் பொட்டைச் சுரண்டி எடுத்து, தன் சட்டைக் கையில் ஒட்டிக்கொண்டாள்.

"மஞ்சள்" என்றாள். கணக்குச் சரியானது போல ஒரு முகம்.

எங்கோ ஒருத்தி செருமினாள். மார்லா தரையைப் பார்த்தாள். சிமெண்டில் ஒரு விரிசல் இருந்தது, அதற்குள் போய்விடலாம் போலிருந்தது.

எடி அதோடு நிற்கவில்லை. பக்கத்து மேசையில் ஒரு நீலப் பொட்டின் விளிம்பு தூக்கிக்கொண்டிருந்தது. அப்படி இருந்தால் அவளால் தாண்டிப் போக முடியாது. சுரண்டினாள். அடியில் மஞ்சள். அடுத்ததைச் சுரண்டினாள். அதிலும் மஞ்சள். அது கோனியின் மேசை.

"மார்லா, கண்ணு, அவளைக் கொஞ்சம் பிடிச்சுக்கோயேன்" என்றாள் கோனி. குரல் தாழவில்லை.

ரூத்தனின் மேசையில் நீலத்துக்கு அடியில் மஞ்சள், மஞ்சளுக்கு அடியில் சிவப்பு. எடி மூன்றையும் வரிசையாகச் சட்டைக் கையில் ஒட்டினாள். யாரையும் பார்க்கவில்லை. குற்றம் கண்டுபிடிக்கிற வேலை அவளுக்குத் தெரியாது, கோணலாக இருந்ததை நேராக்கிக்கொண்டிருந்தாள். மேசைக்கு மேசை பெண்கள் எழுந்து, தற்செயலாகப் போல, புத்தகங்களின் முதுகைச் சுவர்ப் பக்கம் திருப்பினார்கள். காப்பி அண்டா மட்டும் கொதித்துக்கொண்டிருந்தது. எடிக்கு மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை பொட்டாகிவிட்டது.

"மார்லா" என்றாள் கோனி மறுபடி.

மார்லா எழுந்தாள். எடியின் கையைப் பிடிக்கப் போனவள், மேசையடியில் எடி வைத்திருந்த தலையணை உறையை எடுத்து அவளிடம் நீட்டினாள்.

"இதுல வாசி."

"இதுக்குப் பொட்டு இல்ல" என்றாள் எடி.

"வேண்டாம்."

எடி இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைத் திறந்தாள். கதிரடிக்கும் உருளை, அதைத் தாங்கும் சட்டம், இடப்பக்கத் தாங்கி, வலப்பக்கத் தாங்கி, இத்தனை அங்குல மரையாணி, இன்ன எண். ஏற்ற இறக்கம் இல்லாத குரல், ஒரு இடத்திலும் தடுக்கவில்லை. படிக்கட்டுப் பக்கம் பேச்சு நின்றது.

"அந்த வலப்பக்கத் தாங்கி நம்பர் மாறிடுச்சே, பாப்பா" என்றார் லீராய் கிழவர்.

"தொண்ணூத்தெட்டுக்கு அப்புறம் வந்த வண்டிக்குத்தான் மாறிச்சு" என்றாள் எடி நிமிராமல். "உங்க வண்டி பழசு."

"அட, ஆமா" என்றார் லீராய். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

மார்லா கோனியைப் பார்த்துத்தான் பேசினாள். சத்தம் கடைசி மேசை வரைக்கும் கேட்டது. "புதன்கிழமை உங்ககிட்ட இவ படம்தான் பாப்பான்னு சொன்னேன். பொய். இவ படிக்கக் கத்துக்கிட்டதே இதுலதான். இவ நிக்கும்போதே அப்படிச் சொன்னேன்."

எடி பக்கத்தைத் திருப்பினாள். "ஆமா, சொன்னீங்க" என்றாள்.

அடுத்த வாரம் கோனியின் கமிட்டி கூடியது. கடிதம் வீட்டுக்கு வீடு வந்தது. இனிமேல் பொட்டுகளைச் சுருளாகக் கொடுப்பதில்லை, கமிட்டியே ஒட்டி, மேலே சுரண்ட முடியாத கண்ணாடி டேப் போட்டுத் தரும். பட்டியலில் இல்லாத புத்தகம் எதுவும் கணக்கில் வராது. எடிக்கான பெரிய நாற்காலி வந்து சேர்ந்துவிட்டது என்றும், குட்டிகள் அறையில் போட்டாயிற்று என்றும் கடைசி வரியில் கோனி கைப்பட எழுதியிருந்தாள். பக்கத்தில் ஒரு சிரிக்கும் முகம்.

மார்லா இரண்டு தடவை படித்தாள். அந்த நாற்காலியில் எடி ஒரு நாளும் உட்காரவில்லை. பிள்ளைகள் கூடும் செவ்வாய், வியாழன்களில் அவள் இப்போது பட்டறையில், லீராயின் வண்டிக்கு எண் பார்த்துக் கொடுக்கிறாள்.

அறுவடைக்கு முந்தின வாரம் ரூத்தன் பட்டறையின் பின்பக்கக் கதவைத் தட்டினாள். முன்கதவு திறந்துதான் இருந்தது.

"டுவைன்கிட்ட பழைய கேட்லாக் எதுவும் மிச்சம் இருக்குமா, மார்லா?" என்றாள். "ஜோயலுக்கு. எந்தப் புத்தகமும் ஏற மாட்டேங்குது. மிஷினுன்னா மட்டும் கண்ணு விரியுது. நீ யார்கிட்டயும்..." கைப்பையிலிருந்து மடித்த தலையணை உறை ஒன்றை எடுத்தாள்.

மார்லா உள்ளே போய் ஒன்றை எடுத்து வந்தாள். உறையை வாங்கி, மடிப்புக் கலையாமல் ரூத்தனின் கைப்பைக்குள்ளேயே திரும்ப வைத்தாள்.

"அப்படியே கையில எடுத்துட்டுப் போ. அந்த உறைக்குள்ள ரெண்டு வருஷம் நானும் ஒளிச்சு வச்சேன். உனக்கு வேண்டாம்."

ரூத்தன் கேட்லாக்கின் முதுகைப் பார்த்தாள். அப்புறம் கேட்டாள். "சரி... இதுக்கு என்ன கலர் வரும்?"

ரூத்தன் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, அட்டையை வயிற்றோடு திருப்பி அணைத்துக்கொண்டு வேகமாக வேனுக்கு நடந்தாள். அட்டையைத் திருப்பியதில் பிரயோசனமில்லை. பின்னட்டையிலும் அதே கம்பைன்தான், இன்னும் பெரிதாக. எதிர்வீட்டுச் சன்னல்களுக்கு நன்றாகவே தெரிந்தது. அதில் இரண்டு சன்னல்காரிகள் அடுத்த நாளே பின்கதவுக்கு வந்தார்கள், ஆளுக்கொரு தலையணை உறையோடு.