பெரியவருக்கு ஒரு ஷெட்

சுந்தரிநாலாவில் எந்தச் சொல்லையும் சொல்லலாம், ஒன்றைத் தவிர. ஊரை ஒட்டி ஓடும் நாலா என்ற உப்பங்கழியின் சேற்றில் படுத்துக் கிடப்பதை, ஆட்டையும் நாயையும் இழுத்துப் போவதை, போன வருஷம் பக்கத்துக் குடியிருப்பான பெங்காலி பஸ்தியில் ஒரு மீன்காரரை வலையோடு கொண்டுபோனதை, முதலை என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. பெரியவர் என்பார்கள். பெயரைச் சொன்னால் தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று வந்துவிடுமாம். ஊரில் பாதிப் பேர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள். சிறுத்தையின் பெயரைச் சொல்லாமலே மலையில் ஒரு காலம் வாழ்ந்தவர்கள். மீதிப் பேர் கடற்கரைக் கத்தோலிக்கர்கள். வலை வீசப் போகும்போது சில சொற்களைக் கரையிலேயே விட்டுவிட்டுப் போகிறவர்கள். குடிதண்ணீர்க் குழாயிலிருந்து திருவிழா மைக் செட் வரைக்கும் எதிலும் ஒத்துப்போகாத இரண்டு கூட்டமும் இந்த ஒன்றில் மட்டும் ஒத்துப்போயின.

சுனாமிக்கு முன்னால் பெரியவர் நாலா கடலில் சேரும் இடத்தோடு நின்றுகொண்டார். அலை வந்து வயல்கரையை உடைத்துவிட்டுப் போன பிறகு, நெல் விளைந்த இடமெல்லாம் கடல் ஏற்றத்தில் முழுகியது, வற்றத்தில் சேறானது. தண்ணீர் வந்த வழியே அவரும் வந்தார்.

அமிர்தவல்லி அந்த ஊரின் வார்டு மெம்பர். பெண்களுக்கு ஒதுக்கிய வார்டில் ஜெயித்தவள். கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் இருந்த அப்பாவும் அம்மாவும் சுனாமியில் போய்விட, தங்கை சித்ராவைக் கையில் பிடித்துக்கொண்டு இங்கே மாமா வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். மாமாவும் பிறகு மெயின்லேண்டுக்குப் போய்விட்டார். இப்போது அவளுக்கென்று இருப்பது சித்ரா ஒருத்திதான்.

சித்ரா ரங்கத் டவுனில் தையல் வகுப்புக்குப் போகிறாள். காத்தமுத்து ஓட்டும் டொங்கிப் படகில் நாலாவைக் கடந்தால்தான் ட்ரங்க் ரோடு, பஸ் எல்லாம். வேறு வழி கிடையாது. காலையில் போகும்போது நல்ல வெளிச்சம் இருக்கும். திரும்பும் நேரம் அப்படியல்ல. வெளிச்சம் இருப்பது போலவும் இருக்கும், இல்லாதது போலவும் இருக்கும். டொங்கியின் பலகையில் அவள் உட்கார்ந்து வருவதை அமிர்தவல்லி தினமும் கரையில் நின்று பார்ப்பாள். தண்ணீரில் மிதக்கும் ஒவ்வொரு மட்டையும் அவளுக்குப் பெரியவராகத்தான் தெரியும்.

அதனால்தான், அந்த வருஷம் எந்த வேலையை முதலில் எடுப்பது என்று தீர்மானிக்கக் கிராம சபை கூடியபோது, துறையைச் சுற்றி இரும்பு வலை வேண்டும் என்பதைத் தவிர அவள் மனதில் வேறு எதுவும் இல்லை. பேச வேண்டியதை ஒத்திகைகூடப் பார்த்துக்கொண்டு போயிருந்தாள். ஆனால் அவள் எழுந்திருக்கும் முன்பே ஊர் பேசிவிட்டது.

"சோலார் லைட்டும் வேணாம், சுனாமி ஷெல்டருக்குப் படியும் வேணாம்," என்றார் செபஸ்தியான். வலைக்காரர், முரட்டுக் குரல். "மொதல் நம்பர் பெரியவரு. அவருக்கு ஒரு வழி பண்ணிட்டு அப்புறம் மிச்சத்தப் பேசுங்க."

"ஆமா, பெரியவருதான்," என்றாள் இந்திராணி. அவளுடைய ஆடு போய் ஒரு மாதம் ஆகவில்லை.

கை தூக்கச் சொன்னார்கள். எல்லாக் கையும் உயர்ந்தது. பஞ்சாயத்துச் செக்ரட்டரி பிஸ்வாஸ் பாபு பேனாவை எடுத்தார். புதிதாக மாற்றலாகி வந்தவர். பெங்காலிக்காரர், தமிழ் தெரியாது.

"பெரியவர், பெரியவர்னு எல்லாரும் சொல்றீங்க. மத்லப் க்யா?" என்று பஞ்சாயத்துத் தலைவரான பிரதான் இராமகிருஷ்ணனிடம் ஹிந்தியில் அர்த்தம் கேட்டார்.

பிரதான் வாயைத் திறந்தார், மூடினார். அந்தச் சொல் ஹிந்தியிலும் அவருக்குத் தெரியும். பெரியவருக்கும் ஹிந்தி தெரிந்திருந்தால் என்ன செய்வது என்று நினைத்தாரோ என்னவோ. "புஜுர்க்," என்றார். வயதானவர் என்று அர்த்தம்.

"அச்சா. அவருக்கு என்ன கஷ்டம்?"

"தினமும் தொறையில வந்து படுத்துக்கிறாரு பாபு," என்று செபஸ்தியான் ஹிந்தியில் எடுத்துக் கொடுத்தார். "கொளுத்துற வெயில்ல. வாயத் தெறந்துக்கிட்டு."

பிஸ்வாஸ் பாபுவின் முகம் வாடிவிட்டது. "வீடு இல்லையா?"

"இருந்துச்சு. சுனாமியில எடம் மாறிட்டாரு."

"பிள்ளை குட்டி?"

"அதுக்குக் கொறச்சல் இல்ல. நாலா பூரா இருக்கு."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிரதான் முறைத்தார். பிஸ்வாஸ் பாபு தலையை ஆட்டிக்கொண்டே எழுதினார். அவர் தப்பாகப் புரிந்துகொண்டார் என்று அமிர்தவல்லிக்குத் தெரிந்தது. ஒரு சொல் சொன்னால் போதும். சொல் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் ஜன்னலுக்கு வெளியே வெயில் சாய்ந்திருந்தது. சித்ரா தண்ணீரில் இருக்கும் நேரம் அது. அவள் சொல்லவில்லை.

மழை முடிந்ததும் சிமெண்டும் கம்பியும் தகரமும் பெரிய டொங்கியில் வந்து இறங்கின. ஊர் சந்தோஷமாகச் சுமந்து கொடுத்தது. பத்துப் பதினைந்து நாளில், தண்ணீர் விளிம்பிலேயே, பச்சைத் தகரக் கூரையும் சிமெண்டு பெஞ்சுமாக ஒரு ஷெட் எழும்பி நின்றது. நெற்றியில் ஹிந்தியில் எழுதியிருந்தது: முதியோர் ஓய்விடம்.

"நல்லா இருக்குதே," என்றார் செபஸ்தியான். "பெரியவருக்கு வீடே கட்டிக் குடுத்துட்டோம். இனிமே வாடகை கேக்க வேண்டியதுதான்."

ஊர் இரண்டு நாள் சிரித்தது. மூன்றாவது நாள், மழையே இல்லாத காலையில், பெஞ்சு நனைந்திருந்ததைக் காத்தமுத்து பார்த்தார். ஒரு ஆள் உட்கார்ந்து எழுந்த அளவுக்கு ஈரம். துடைத்துவிட்டுப் போனார். மறுநாளும் இருந்தது. அதற்கு அடுத்த நாள் அவர் துடைக்கவில்லை.

அதன்பிறகு நாய்கள் காணாமல் போவது நின்றது. ஆடுகள் வீடு திரும்பின. சேற்றில் படுத்துக் கிடப்பவரையும் யாரும் பார்க்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை இந்திராணி ஒரு சேவலைக் கால் கட்டிக் கொண்டுபோய் ஷெட்டில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்தாள். அடுத்த வெள்ளிக்கிழமை வேறு ஒரு வீட்டின் முறை. யாரும் முறை போடவில்லை, தானாக அமைந்தது. காத்தமுத்து டொங்கியை ஷெட்டுக்குச் சற்றுத் தள்ளி, செருப்பைக் கழற்றிக்கொண்டு கட்டினார். பிள்ளைகள் அந்தப் பக்கம் சத்தம் போட்டுப் பேசுவதை நிறுத்தின. யாரும் இப்போது சிரிக்கவில்லை.

அமிர்தவல்லி, ஊர் நிம்மதியாக இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. ஏன் நம்ப முடியவில்லை என்றுதான் தெரியவில்லை.

ஒரு சாயங்காலம் அவளுக்குக் கொஞ்சம் காய்ச்சல். கரைக்குப் போகவில்லை. சித்ரா தானாக வந்தாள், பையை மாட்டினாள், சோறு போட்டுக்கொண்டாள்.

"அக்கா, ஷெட்டுல ஒரு தாத்தா உக்காந்திருந்தாருக்கா."

"யாரு? காத்தமுத்து மாமாவா?"

"அவரு டொங்கியக் கட்டிட்டு முன்னாலேயே போயிட்டாரு. இது யாரோ புதுசு. வேட்டி கட்டியிருந்தாரு. நனஞ்சு ஒட்டிப் போயிருந்துச்சு. தெனமும் இந்தப் பக்கந்தான் வருவியான்னு கேட்டாரு."

"நீ என்னா சொன்ன?"

"ஆமான்னேன். பெரியவங்க கேட்டா சொல்லாம எப்பிடி?" சித்ரா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், வாயில் வைக்கவில்லை. "பேசுறப்ப அவரு வாய் மூடலக்கா. தெறந்தபடியே இருந்துச்சு. பேச்சு மட்டும் உள்ளேருந்து வந்துச்சு. போறப்ப, சரி சித்ரா, நாளைக்குப் பாப்போம்னாரு."

"பேரச் சொன்னியா?"

"இல்லக்கா. நான் சொல்லல."

மறுநாளும் அதற்கு மறுநாளும் அமிர்தவல்லி அவளை வகுப்புக்கு அனுப்பவில்லை. பிரதானிடம் போய் விஷயத்தைச் சொன்னாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எவனாவது பஸ்ஸத் தவறவிட்ட கெழவனா இருக்கும் மெம்பர்."

"அப்ப வலைக்கு மறுபடியும் எழுதுங்க. சரியா எழுதுங்க."

"என்னான்னு எழுதுறது? வருஷத்துக்கு ஒரு வேல. அதுல அவருக்குன்னு கட்டியாச்சு. ஆட்டப் புடிக்கல, ஆளப் புடிக்கல. இப்பப் போய் வலை போட்டா அவரு என்னா நெனப்பாரு?"

என்ன நினைப்பார் என்று கேட்டபோது பிரதான் சாதாரணமாகத்தான் கேட்டார். அமிர்தவல்லிக்கு அதுதான் பயத்தைத் தந்தது.

"ஒரு புள்ளையத்தானே பேரு சொல்லிக் கூப்பிட்டாரு," என்றாள் வாசலில் நின்ற இந்திராணி, மெல்ல, ஆறுதல் சொல்கிற குரலில். "ஊருக்கே ஒண்ணும் செய்யலியே வல்லி."

அடுத்த வருஷ வேலைக்கான கிராம சபையை ஞாயிற்றுக்கிழமை காலையில் வைத்தார்கள். அன்று வகுப்பு கிடையாது. சித்ராவை வீட்டுக்குள் விட்டு, ஜன்னலையும் சாத்தச் சொல்லிவிட்டு அமிர்தவல்லி போனாள். முதல் நம்பர் சோலார் விளக்கு என்று பிரதான் வாசித்தார். கைகள் உயரத் தொடங்கின. அவள் எழுந்து நின்றாள்.

"பிஸ்வாஸ் பாபு, எழுதிக்கிடுங்க. புஜுர்க் இல்ல. தொறையில இருக்கிறது முதலை."

உயர்ந்த கைகள் உயர்ந்தபடியே நின்றன. தனக்கே கேட்கவில்லையோ என்ற சந்தேகத்தில் இன்னொரு தடவை சொன்னாள். "முதலை. மகர்மச். ஆள் தின்னுற முதலை. அதுக்கு வலை வேணும். சொல்றது வார்டு மெம்பர் அமிர்தவல்லி. என் பேரையும் போடுங்க."

"மகர்மச்சா?" பிஸ்வாஸ் பாபு பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அரே, இதை ஏன் அன்றைக்கே சொல்லவில்லை?"

ஒவ்வொருவராக எழுந்து வெளியே போனார்கள். செபஸ்தியான் மட்டும் வாசலில் நின்று சிலுவை போட்டுக்கொண்டார். "சொல்லிட்ட. சொன்னது சொன்னதுதான். ஒன் பேரையும் ஏன் சொன்ன தங்கச்சி?"

"யாரு பேராச்சும் அவருக்கு வேணும்னா, அது சித்ரா பேரா இருக்கக் கூடாதுண்ணே."

அவர் இன்னொரு தடவை சிலுவை போட்டுக்கொண்டு போனார்.

வயல்கரை வழியாக அவள் வீடு திரும்பினாள். உச்சி வெயில். ஏற்றம் நிறைந்திருந்தது, தண்ணீர் அசையவில்லை. பாதி வழியில் யாரோ கூப்பிட்டார்கள். "அமிர்தவல்லி." அவசரமில்லாத, மரியாதையான, வயதான குரல். ஊரில் எல்லோருக்கும் அவள் வல்லி அல்லது மெம்பர். முழுப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் கச்சாலோடு போய்விட்டார்கள். அவள் திரும்பவில்லை. "அமிர்தவல்லி," என்றது, இன்னும் கொஞ்சம் பக்கத்தில். முதல் தடவை சொல்லிப் பார்த்தது போலவும், இப்போது அந்தப் பெயர் பிடித்துப்போனது போலவும் இருந்தது. ஓடவில்லை. ஓடாமல் நடப்பது எப்படி என்பதை மட்டும் யோசித்துக்கொண்டு மேட்டில் ஏறினாள்.

மறுநாள் சித்ரா வகுப்புக்குப் போனாள். சாயங்காலம் அமிர்தவல்லி கரைக்குப் போகவில்லை. மேட்டில் நின்றுதான் பார்த்தாள். ஷெட்டில் வேட்டி கட்டிய ஒருவர் உட்கார்ந்திருந்தார். டொங்கி அவரை ஒட்டி வந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. மேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கோடைக்கு முன்பே வலை வந்தது. முதலை என்று எழுதியதும் மேலிடத்தில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஷெட்டை இடித்துவிட்டு, துறையைச் சுற்றிக் கம்பி நட்டு, தண்ணீருக்குள் ஆழமாக வலை இறக்கினார்கள். திறப்புவிழாவுக்கு மைக் செட் கட்டினார்கள். "ரிப்பனை வெட்ட மெம்பர் அமிர்தவல்லி அவர்களை அழைக்கிறோம்," என்று பிரதான் அழைத்தார். பிறகு இன்னொரு தடவை அழைத்தார். அவள் மேட்டில் நின்றுகொண்டிருந்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவள் துறைக்கு இறங்கியதில்லை, நாலாவைக் கடந்ததில்லை, ரங்கத் பஜாரைப் பார்த்ததில்லை. "மெம்பருக்குக் கூச்சம்," என்று யாரோ சொல்ல, கீழே சிரித்தார்கள். கடைசியில் பிரதானே வெட்டினார்.

மைக்கை அணைத்த பிறகும் பெயர் கேட்டுக்கொண்டிருந்தது. வலைக்கு அப்பால், நாலாவின் நடுவிலிருந்து. கூட்டத்தில் ஒருவரும் தலையைத் திருப்பவில்லை.

வகுப்பு முடிந்து வந்த டொங்கி கம்பிக்கு உள்ளே நுழைந்தது. சித்ரா குதித்து இறங்கி, பையைத் தோளில் போட்டுக்கொண்டு மேட்டை நோக்கி நடந்தாள். அமிர்தவல்லி தண்ணீருக்கு முதுகைக் காட்டி, வீட்டைப் பார்த்து நின்றிருந்தாள்.

"அக்கா," என்றாள் சித்ரா.

அதற்கு மட்டும் திரும்பினாள்.