மிஸஸ் டாலிவர் பதில் சொல்லவில்லை

"ஒசெல்லா செல்லம், என் கையை அமுக்கு பாப்போம். அமுக்கும்மா கண்ணு."

நர்ஸ் ஜகைலா கட்டில்மேல் குனிந்து ஊருக்கே கேட்கிற மாதிரிக் கத்தினாள். கட்டிலில் கிடந்தவர் அசையவில்லை. தொண்ணூறு வயதைத் தாண்டிய அந்தக் கை, நர்ஸின் உள்ளங்கையில் சும்மா கிடந்தது.

"மிஸஸ் டாலிவர்னு கூப்பிடுன்னு காலையிலேர்ந்து சொல்லிட்டிருக்கேன்," என்றாள் மகள் வெர்லீன்.

"இங்க எல்லாரையும் பேர் சொல்லித்தான் மேடம் கூப்பிடுவோம். அப்பதான் பாசமா இருக்கும்."

வெர்லீனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெள்ளைக்காரப் பெண்ணாக இருந்தால் நாலு வார்த்தை கேட்டிருப்பாள். இவளோ பொடிப்பொடியாகச் சடை பின்னிய, தன்னைப் போலவே கறுப்புப் பெண்; தன் பேத்தி வயசு. அம்மாவின் உதடு வெடித்திருந்ததைப் பார்த்து, யாரும் கேட்காமலே வாஸ்லின் தடவிவிட்டவள். அவளிடம் எப்படிச் சண்டைக்குப் போவது?

"டாக்டர் மதியம் வருவாரு. நினைவு போயிடுச்சுன்னு சொன்னா ஒத்துக்கோ அக்கா," என்றான் தம்பி க்ளியோ, ஜன்னலோரம் பொரித்த கோழியைக் கடித்தபடி. "அம்மா போயாச்சு. மூச்சுதான் பாக்கி."

"போகல. பதில் சொல்லல. ரெண்டும் வேற."

"நாம அம்மா அம்மான்னு கூப்பிட்டும் முழிக்கலியே?"

"நாம கூப்பிட்டு என்னைக்குடா அவங்க முதல் தடவையிலேயே பதில் சொல்லியிருக்காங்க?"

அம்மா பிழைப்பார் என்று வெர்லீன் நினைக்கவில்லை, அவ்வளவு அசடில்லை. ஆனால் 'ஒன்றும் தெரியாமல் கிடந்து போனாள்' என்று இந்த ஊர் அவரைப் பற்றிச் சொல்லக் கூடாது. அது ஒன்றுதான் அவளுக்கு வேண்டும்.

ஓட்டுரிமைக்குப் பதிய அம்மா கோர்ட்டுக் கட்டடத்துக்குப் போன நாளில், வெர்லீன் சின்னப் பெண்ணாகப் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "ஏ ஒசெல்லா!" என்றான் குமாஸ்தா. வெள்ளைக்காரக் குழந்தையைக்கூட 'மிஸ்' போட்டு அழைத்த அந்தக்கால மிசிசிப்பியில், கறுப்புப் பெண்ணுக்கு வெறும் பேர்தான். அம்மா சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அம்மா, உங்களைத்தான் கூப்பிடறாங்க" என்று வெர்லீன் கையைப் பிடித்து இழுத்தாள். "யாரையோ கூப்பிடறான். நம்மள இல்ல," என்றார் அம்மா. மறுநாளும் அதே கதை. செவிடன் காதில் ஊதின சங்கு. வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு தினமும் போய் உட்கார்ந்தார். பருத்தித் தோட்ட முதலாளிகள் அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். வீட்டு ஜன்னலில் கல் விழுந்தது. அப்படியும் போய் உட்கார்ந்தார். கடைசியில் ஒருநாள், கசாயம் குடித்த முகத்தோடு, "மிஸஸ் டாலிவர்" என்றான் அவன்.

"நான்தான்," என்று எழுந்து போனார்.

அந்த மாவட்டத்தில் ஓட்டுப் போட்ட முதல் கறுப்புப் பெண் அவர். போன வருஷம் நகரசபை மெத்த நன்றியோடு 'ஒசெல்லா பூங்கா' என்று பலகை நட்டது. விழாவுக்கு அம்மா போகவில்லை. "யாரு அது?" என்று கேட்டதோடு சரி.

"ஒரே ஒரு தடவை," என்று வெர்லீன் இப்போது கெஞ்சினாள். "மரியாதையா. என் மனசுக்காக."

ஜகைலா சிரித்துக்கொண்டே குனிந்தாள். இந்தத் தடவை கத்தவில்லை.

"மிஸஸ் டாலிவர், என் கையைக் கொஞ்சம் அமுக்கறீங்களா?"

விரல்கள் மடங்கின. மெதுவாகத்தான், ஆனால் நர்ஸின் விரல்நுனி வெளுக்கிற அளவுக்கு இறுக்கின.

"அம்மாடி! அமுக்கறாங்க மேடம்!" ஜகைலாவுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "சபாஷ் ஒசெல்லா! என் தங்கமே, சூப்பரா பண்ணிட்டே!"

விரல்கள் விட்டுவிட்டன.

வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்தது. "அடிப்பாவி!" என்று வெர்லீன் தலையில் அடித்துக்கொண்டாள். ஜகைலா முகம் செத்துப்போய் "மிஸஸ் டாலிவர், மிஸஸ் டாலிவர்" என்று எத்தனையோ தடவை கூப்பிட்டுப் பார்த்தாள். கை அசையவில்லை.

டாக்டர் வந்தார். கண்ணில் வெளிச்சம் அடித்தார். "ஒசெல்லா, கேக்குதா?"

"கையை அமுக்கினாங்க டாக்டர். சத்தியமா," என்றாள் ஜகைலா.

"தசை சில சமயம் தானா இழுத்துக்கும்." அவர் வெர்லீன் தோளைத் தட்டினார். "அவங்களுக்கு இப்ப எதுவும் தெரியாது, வெர்லீன்."

தன்னையாவது மரியாதையாகக் கூப்பிடச் சொல்லலாம் என்று வெர்லீன் வாயெடுப்பதற்குள் அவர் அடுத்த அறைக்குப் போய்விட்டார். ஆத்திரத்தில் அவளுக்கு அழுகைகூட வரவில்லை. க்ளியோ எலும்பைக் காகிதத்தில் சுருட்டினான்.

வெயில் சாய்கிற நேரத்தில், ஒரு மூச்சுக்குப் பிறகு அடுத்த மூச்சு வரவில்லை.

சவ அடக்கம் செய்கிற ஹோலிஃபீல்ட் தன் ஆளோடு வந்தார். ஊரில் கறுப்பர் வீட்டுச் சாவெல்லாம் அவர் குடும்பத்துக் கையால்தான் போகும். கறுப்புக் கோட்டு, கையுறை. வெர்லீன் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டாள். இவரும் ஏதாவது சொல்லட்டும், நாள் முழுக்கச் சேர்த்து வைத்ததை இவர் தலையிலாவது கொட்டிவிடலாம்.

அவர் அவளைப் பார்க்கவில்லை. தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டு கட்டில் பக்கம் குனிந்தார்.

"மிஸஸ் டாலிவர், இப்ப உங்களைத் தூக்கப் போறோங்க."

சொல்லிவிட்டு உடனே தூக்கவில்லை. பதில் வருகிற நேரம் வரைக்கும் காத்திருந்தார்.

வெர்லீன் பையை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்து, வழிவிட்டு நின்றாள்.